68 ஜிபி அஞ்சல்பெட்டியை அழிக்காமல் ஒழுங்குக்குக் கொண்டுவருவது

கேள்வி இது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறது. லினக்ஸில், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் அதைச் சேமித்துப் பயனருக்குக் காட்டும் டவ்காட்டும் ஓடுகின்றன. பல ஆண்டுகளாகப் பணியாற்றும் மூத்த மெர்ச்சண்டைசர் (வாங்குபவர்களான பையர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிப்பவர்) ஒருவரின் அஞ்சல்பெட்டி மட்டும் 68 ஜிபி. சர்வரின் டிஸ்க் 93 சதவீதம் நிரம்பிவிட்டது. அவருடைய அவுட்லுக் காலையில் திறந்து நிலைக்கு வரவே வெகுநேரம் ஆகிறது. முதலாளி ஒரு மெயிலைக்கூட அழிக்கக் கூடாது என்கிறார். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரோ, பழைய மெயில்களை எல்லாம் பிஎஸ்டி என்ற அவுட்லுக் சேமிப்புக் கோப்பாக அவர் கம்ப்யூட்டரிலேயே இறக்கிவைத்துவிட்டு சர்வரில் அழித்துவிடலாம் என்கிறார். இரண்டில் எதைக் கேட்பது?

முதலாளி சொல்வதைக் கேளுங்கள். அந்த மெயில்கள் மெர்ச்சண்டைசரின் சொந்தச் சேமிப்பு அல்ல, நிறுவனத்தின் ஆவணம். அவை சர்வரில்தான் இருக்க வேண்டும். ஆனால் இத்தனை ஆண்டு மெயிலும் அன்றாட இன்பாக்ஸும் ஒரே டிஸ்க்கில், ஒரே ஃபோல்டரில் கிடக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பழையதைச் சர்வரிலேயே வேறொரு டிஸ்க்குக்கு நகர்த்தி, படிக்கவும் தேடவும் முடிகிற நிலையில் பூட்டிவைப்பதுதான் வழி. அதை எப்படிச் செய்வது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் 93 சதவீதத்தைக் கவனியுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ், மெயில்களை வரிசையில் நிறுத்திவைக்கும் டிஸ்க்கில், அனுமதிக்கப்பட்ட மிகப் பெரிய மெயிலின் ஒன்றரை மடங்கு இடமாவது இருந்தால்தான் புது மெயிலை வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் தற்காலிகமாக மறுத்துவிடும். அனுப்பிய சர்வர் சில நாட்கள் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு, கடைசியில் மெயில் சேரவில்லை என்று பையருக்கே தகவல் அனுப்பிவிடும். டிஸ்க் முழுதாக நிரம்பினால் டவ்காட்டும், மெயில்களை விரைவாகக் கண்டெடுக்க வைத்திருக்கும் குறியீட்டுக் கோப்புகளை (இண்டெக்ஸ்) எழுத முடியாமல் திணறும். அப்போது பாதிப்பு ஒருவரோடு நிற்காது, அலுவலகம் முழுவதையும் தொடும். ஆகவே அஞ்சல்பெட்டியைத் தொடுவதற்கு முன்பே மூச்சுவிட இடம் உண்டாக்குங்கள். பழைய லாக் கோப்புகள், யாரோ எப்போதோ அதே டிஸ்க்கில் எடுத்துவைத்த பேக்கப், விலகிப்போனவர்களின் குப்பைத் தொட்டி ஃபோல்டர்கள் ஆகியவற்றைப் பார்த்தாலே பெரும்பாலும் சில ஜிபி கிடைக்கும். அதன்பின், சர்வருக்கு வெளியே ஒரு டிஸ்க்கில் அந்தப் பெட்டியின் முழு நகலை எடுத்து, அதிலிருந்து ஒரு மெயிலைத் திறந்து பாருங்கள். நகல் கையில் இல்லாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

அடுத்தது அளப்பது. 68 ஜிபி என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. டவ்காட்டுடன் வரும் டவ்அட்மின் கருவியில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை மெயில், எவ்வளவு அளவு என்று கேட்கும் கட்டளை இருக்கிறது. அதை ஓட்டி, விடையை அளவுவாரியாக அடுக்குங்கள். பிறகு 5 எம்பிக்கு மேற்பட்ட மெயில்களை மட்டும் தேடச் சொல்லுங்கள். ஏற்றுமதி நிறுவனங்களில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்பத் தெரியும்: எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு பங்கு மெயில்களே இடத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும். டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்கள் கொண்ட கோப்பு), பிரிண்ட் ஆர்ட்வொர்க், பிபி சாம்பிளின் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி ஆடை) புகைப்படங்கள், ஸ்கேன் செய்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் ஆகியவைதான் அவை. பையர் அனுப்பிய 20 எம்பி ஆர்ட்வொர்க்கை மெர்ச்சண்டைசர் பிரிண்டிங் யூனிட்டுக்கும், பேட்டர்ன் மாஸ்டருக்கும், குவாலிட்டி மேலாளருக்கும் தனித்தனியாக ஃபார்வர்ட் செய்திருப்பார். ஒவ்வொரு முறையும் அவருடைய சென்ட் ஃபோல்டரில் ஒரு முழு நகல் சேரும். பெறுபவரின் பெட்டியில் இன்னொன்று. ஒரே கோப்பு சர்வரில் ஏழெட்டு இடங்களில் இருக்கும்.

இணைப்புகள் (அட்டாச்மெண்ட்) மெயிலில் அப்படியே போவதில்லை என்பதும் கணக்கில் சேர வேண்டும். அவை எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன. 3 பைட் 4 பைட்டாக ஊதிவிடும். 6 எம்பி படம் சர்வரில் 8 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். இது கெட்ட செய்தியாகத் தோன்றினாலும் பின்னால் உங்களுக்கே உதவும்.

அளக்கும்போது இரட்டை ஃபோல்டர்களையும் பாருங்கள். அவுட்லுக்கும் செல்பேசியும் வெப்மெயிலும் அனுப்பிய மெயிலை வெவ்வேறு பெயர்களில் சேமிப்பது வழக்கம். ஒரே பெட்டியில் மூன்று சென்ட் ஃபோல்டர்கள், இரண்டு குப்பைத் தொட்டிகள் இருக்கலாம். முன்பு எப்போதாவது கம்ப்யூட்டர் மாற்றியபோது பழைய பிஎஸ்டியை மறுபடியும் சர்வருக்கு ஏற்றியிருந்தால், ஆயிரக்கணக்கான மெயில்கள் இரண்டிரண்டாக இருக்கும். மெயில் அடையாள எண்ணை வைத்து நகல்களை நீக்கும் கட்டளை டவ்அட்மினிலேயே உண்டு. முதலாளியின் கட்டளையை மீறாமல் இடம் கிடைக்கும் இடங்கள் இவை.

இப்போது பிஎஸ்டி. இந்த யோசனையை ஏன் இவ்வளவு உறுதியாக மறுக்கிறேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நிறுவனங்களில் மெயில் தொலைந்துபோகும் கதைகள் பல இதிலிருந்துதான் தொடங்குகின்றன. பிஎஸ்டி என்பது ஒரே ஒரு கோப்பு. அவுட்லுக் 2002 வரை அது 2 ஜிபியைத் தாண்ட முடியாது, தாண்டினால் கெட்டுப்போகும். 2003-இல் புது வடிவம் வந்து இயல்பான வரம்பு 20 ஜிபி ஆனது. 2010 முதல் 50 ஜிபி. வரம்பு உயர்ந்தாலும் இயல்பு மாறவில்லை. மின்சாரம் போகும்போது அவுட்லுக் திறந்திருந்தால் கோப்பு சேதமடையலாம். பழுதுபார்க்கும் கருவி மைக்ரோசாஃப்டே தருகிறது. ஆனால் அது எடுக்க முடிந்ததை எடுத்துக்கொடுக்கும், எடுக்க முடியாததை விட்டுவிடும். கம்ப்யூட்டரில் பத்திரமில்லை என்று பிஎஸ்டியை நெட்வொர்க் டிரைவில் வைத்து அங்கிருந்தே திறப்பவர்கள் உண்டு. அப்படிப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, கோப்பு கெடும் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், கோப்பு யார் கையில் இருக்கிறது என்பது. அந்த மெர்ச்சண்டைசர் நாளை வேறு நிறுவனத்துக்குப் போகலாம். அவர் கம்ப்யூட்டரின் டிஸ்க் போகலாம். அந்தப் பழைய கம்ப்யூட்டரை யாரோ ஃபார்மேட் செய்து கணக்குப் பிரிவுக்குக் கொடுக்கலாம். பையர் ஒருவர் பழைய ஷிப்மெண்ட்டுக்கு டெபிட் நோட் (பணத்தைப் பிடித்தம் செய்யும் அறிவிப்பு) அனுப்பும் நாளில், லேப் டிப்புக்கு (சாயம் போட்ட நிற மாதிரி) அவரே ஒப்புதல் தந்த மெயில் யாரிடமும் இருக்காது. லட்சக்கணக்கில் பணம் போகிற இடம் அது. சர்வரில் இருந்திருந்தால் அடுத்து அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் தேடி எடுத்திருப்பார்.

மூன்றாவது காரணம் சான்று. அவுட்லுக் ஒரு மெயிலை பிஎஸ்டிக்குள் இழுக்கும்போது வந்த வடிவத்தில் வைப்பதில்லை; தன் சொந்த அமைப்புக்கு மாற்றி எழுதிக்கொள்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 7-ஆம் பிரிவு, மின் ஆவணத்தைப் பாதுகாப்பது என்றால் அது உருவான, அனுப்பப்பட்ட அல்லது பெறப்பட்ட வடிவத்திலோ, அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்திலோ, எங்கிருந்து எங்கே எப்போது வந்தது என்ற விவரங்களோடு இருக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின் ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது ஹேஷ் மதிப்புடன் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) சான்றிதழ் கேட்கிறது. சர்வரில் மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும், வந்தபோது இருந்த தலைப்பு வரிகளோடு, தனித்தனிக் கோப்பாக இருக்கிறது. அந்த நிலையில் சான்றிதழ் தருவது எளிது.

இனி நகர்த்தும் வேலை. டவ்காட்டில் ஒரே பயனருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நேம்ஸ்பேஸ் (தனி இடத்தில் சேமிக்கப்படும் ஃபோல்டர் தொகுதி) அமைக்கலாம். ஆர்க்கைவ் என்ற பெயரில் இரண்டாவது நேம்ஸ்பேஸ் ஒன்றை உருவாக்கி, அதன் இடத்தைப் புதிதாகச் சேர்க்கும் டிஸ்க்குக்குக் காட்டுங்கள். அன்றாட மெயில் வேகமான எஸ்எஸ்டியில் இருக்கட்டும். ஆர்க்கைவுக்கு விலை குறைந்த, பெரிய சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டை ரெய்டு 1 முறையில் (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் நகலாகும்) போட்டால் போதும். பயனருக்குத் தன் பெட்டியின் கீழேயே ஆர்க்கைவ் தெரியும், தனிக் கடவுச்சொல் வேண்டாம்.

இதில் கருத்து வேறுபாடு உள்ள ஒரு இடம் சேமிப்பு வடிவம். டவ்காட்டின் எம்டிபாக்ஸ் முறை பல மெயில்களை ஒரே கோப்பில் அடக்குவதால் பேக்கப் விரைவாக முடியும். லட்சக்கணக்கான சிறு கோப்புகளை, கோப்பு நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் ஒவ்வொன்றாகத் துருவும் தொல்லை இராது. ஆனால் அதில் குறியீட்டுக் கோப்பு மிக முக்கியம். அது தொலைந்தால் படித்தது, படிக்காதது போன்ற குறிகளும் ஃபோல்டர் ஒழுங்கும் சேதப்படும். ஒரே ஒரு நிர்வாகி இருக்கும் நிறுவனத்தில் ஆர்க்கைவுக்கும் மெயில்டிரையே பரிந்துரைப்பேன். பத்து ஆண்டு கழித்து டவ்காட்டே இல்லாமல் போனாலும், அந்தக் கோப்புகளை மெயில்டிர் தெரிந்த வேறு மென்பொருளில் திறக்கலாம், சுருக்கி வைத்திருந்தால் முதலில் விரித்துக்கொண்டு.

ஆர்க்கைவில் எழுதும்போதே சுருக்கும் வசதியை இயக்குங்கள். ஜேபெக் படமும் பிடிஎஃபும் ஏற்கெனவே சுருங்கியவை, இனி எங்கே சுருங்கப்போகின்றன என்று தோன்றும். ஆனால் எழுத்துகளாக மாற்றியபோது ஊதிய பகுதி இருக்கிறதே, அது ஏறத்தாழ முழுவதும் திரும்பக் கிடைக்கும். இணைப்புகள் மிகுந்த பெட்டியில் கால் பங்கு இடம் இந்த ஒரு அமைப்பிலேயே மிச்சமாகும், ஒரு மெயிலும் அழியாமல்.

எந்தத் தேதியில் வெட்டுவது? நடப்பு ஆண்டையும் முந்தைய ஆண்டையும் இன்பாக்ஸ் பக்கம் விட்டுவிட்டு, அதற்கு முந்தையதை நகர்த்துங்கள். பின்னலாடையில் சென்ற கோடையின் ஸ்டைல் இந்தக் கோடைக்கு ரிப்பீட் ஆர்டராக வரும். மெர்ச்சண்டைசர் முந்தைய ஆண்டைத் தினமும் புரட்டுவார். ஆறு மாதத்தில் வெட்டினால் அவர் எரிச்சலடைந்து எல்லாவற்றையும் மறுபடி தன் கம்ப்யூட்டரில் சேமிக்கத் தொடங்கிவிடுவார். ஃபோல்டர் பெயர்களை அப்படியே காப்பாற்றுங்கள். அவர் பையர் பெயரிலும் சீசன் பெயரிலும் அடுக்கியிருக்கிறார். ஆர்க்கைவிலும் அதே பெயர்கள் இருக்க வேண்டும். நிர்வாகி தன் வசதிக்காக எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகக் கலைத்துப்போட்டால், இத்தனை காலம் அவர் கட்டிய ஒழுங்கு ஒரே இரவில் போய்விடும். இதை அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டே தொடங்குங்கள். அவருடைய சொந்த மெயில்கள் ஏதேனும் கலந்திருந்தால் அவற்றை எடுத்துக்கொள்ளவும் அவகாசம் கொடுங்கள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. டவ்அட்மினில் மூன்று விதமான தேதிகள் உண்டு: மெயில் பெட்டிக்கு வந்த தேதி, இந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்ட தேதி, அனுப்பியவர் எழுதிய தேதி. சர்வரை எப்போதாவது மாற்றியிருந்தால், பழைய மெயில்களின் சேமிப்புத் தேதி சர்வர் மாற்றிய நாளாக இருக்கும். கோப்பின் நேரத்தைக் காப்பாற்றாமல் நகலெடுத்திருந்தால் வந்த தேதியும் அப்படியே. ஆகவே அனுப்பிய தேதியை வைத்துத் தேடுங்கள். அதிலும் சில குப்பை மெயில்கள் 1970 என்றோ எதிர்கால ஆண்டு என்றோ காட்டும். அவற்றைக் கண்ணால் பார்த்து ஒதுக்குங்கள்.

நேரடியாக நகர்த்தும் கட்டளை இருந்தாலும் அதைத் தவிர்த்து, முதலில் நகலெடுங்கள். இரவில், ஒரு ஃபோல்டராக ஓடட்டும். முடிந்ததும் இரு பக்கமும் மெயில் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். சுருக்கியதால் டிஸ்க் அளவு மாறும், ஆகவே டிஸ்க்கில் பிடித்த இடத்தை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். ஒரு வாரம் இரண்டு பக்கமும் இருக்கட்டும். மெர்ச்சண்டைசர் ஆர்க்கைவில் தேடிப்பார்த்து, தனக்கு வேண்டியது கிடைக்கிறது என்று சொன்ன பிறகு பழைய பக்கத்தில் நீக்குங்கள். பிறகு ஆர்க்கைவுக்கு அனுமதிக் கட்டுப்பாடு போட்டு, பார்க்கலாம், படிக்கலாம், நீக்க முடியாது என்று ஆக்கிவிடுங்கள். முதலாளியின் விதி அப்போது சர்வரிலேயே எழுதப்பட்டுவிடும்.

தேடல் வேகம் பற்றி. சப்ஜெக்டிலும் அனுப்புநரிலும் தேடுவது டவ்காட்டுக்கு எளிது. உள்ளடக்கத்தில் தேடும்போது குறியீடு இல்லையென்றால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிக்கும். ஆர்க்கைவுக்கு முழுவுரைக் குறியீடு கட்டாயம் போடுங்கள். சிறிய சர்வருக்கு டவ்காட்டோடு இணையும் ஃப்ளாட்கர்வ் என்ற குறியீட்டு வசதி போதும், சோலர் என்ற தனித் தேடல் சர்வர் தேவையில்லை.

அவுட்லுக் ஏன் தவிக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். அவுட்லுக் 2013 முதல் ஐமேப் கணக்கின் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) மெயில்களை ஓஎஸ்டி என்ற உள்ளூர்க் கோப்பில் வைக்கிறது. அதற்கும் இயல்பான வரம்பு 50 ஜிபிதான். 68 ஜிபி பெட்டி அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ நிற்கும். வரம்பை ரெஜிஸ்ட்ரியில் உயர்த்தச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள், கோப்பு இன்னும் பெரிதாகும், வேகம் இன்னும் குறையும். பழையது ஆர்க்கைவுக்குப் போன பிறகு அவுட்லுக்கில் புது ப்ரொஃபைல் (கணக்கு அமைப்புகளின் தொகுதி) உருவாக்கி, மெயில்களைப் புதிதாக இறக்கவிடுங்கள். இங்கே மிகக் கவனம் தேவை: ஐமேப் கணக்கில் காலண்டரும் தொடர்பு முகவரிகளும் சர்வருக்குப் போவதில்லை, அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும். பழைய ப்ரொஃபைலை நீக்கும் முன் அவற்றை ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்டிக்கு நியாயமான பயன்பாடு இது ஒன்றுதான்.

புது ப்ரொஃபைலில் ஆர்க்கைவ் ஃபோல்டர்களை சப்ஸ்கிரைப் செய்யாமல் (பார்க்க வேண்டிய பட்டியலில் சேர்க்காமல்) விட்டு, சப்ஸ்கிரைப் செய்தவற்றை மட்டும் காட்டும்படி அவுட்லுக்கில் அமையுங்கள். இல்லையென்றால் அவுட்லுக் அத்தனையையும் மறுபடி இறக்கத் தொடங்கிவிடும், நீங்கள் செய்தது வீண். ஆர்க்கைவை வெப்மெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். ரவுண்ட்க்யூப் என்ற வெப்மெயில் மென்பொருள் இதற்கு நன்றாகவே போதும்.

எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதை நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது. ஆடிட்டரும் முதலாளியும் எழுத்தில் தர வேண்டும். அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128(5) பிரிவு கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. பதிவு பெற்ற கம்பெனிக்கு இது பொருந்தும், பங்காளிகள் சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு அல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. இது இருவருக்கும் பொருந்தும். இன்வாய்ஸும் டெபிட் நோட்டும் மெயில் இணைப்பாகவே வந்திருந்தால் அந்த மெயிலும் அதில் அடங்கும் என்று கொள்வதே பாதுகாப்பு. வழக்கு நிலுவையில் உள்ள பையரின் மெயில்களை எந்தக் கணக்கும் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். மெர்ச்சண்டைசர் பெட்டியிலிருக்கும் செய்திமடல்களையும் கண்காட்சி அழைப்புகளையும் இந்த விதிக்குள் கொண்டுவர வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுப்பாருங்கள். அவர் ஒப்புக்கொள்வார்.

மறுபடி நிரம்பாமல் இருக்க: குப்பைத் தொட்டியும் ஸ்பேம் ஃபோல்டரும் 30 நாளில் தானாகக் காலியாகும்படி டவ்காட்டில் அமையுங்கள். உள்ளுக்குள் ஆர்ட்வொர்க் அனுப்ப நிறுவனத்தின் கோப்பு சர்வரையோ, கோப்பு பகிரும் மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுடையோ பயன்படுத்தி, மெயிலில் இணைய முகவரி மட்டும் போகட்டும். வெளியே பையருக்கு அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது, முயலவும் வேண்டாம். கோட்டா (பெட்டிக்கு இட வரம்பு) வைக்கலாம், ஆனால் எச்சரிக்கை 80, 90 சதவீதத்தில் அவருக்கும் உங்களுக்கும் வரும்படி வைத்து, நிரம்பினால் தற்காலிக மறுப்பு தரும்படி அமையுங்கள். இயல்பான அமைப்பில் டவ்காட் நிரந்தர மறுப்பே தரும். பையரின் ஆர்டர் மெயில் அப்படியே திரும்பிப் போகும். ஆர்க்கைவ் நேம்ஸ்பேஸுக்குத் தனிக் கோட்டா எழுதலாம், அது அன்றாடக் கணக்கில் சேராது.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் வைத்திருக்கும் நண்பர்களும் இதே கேள்வியோடு வருவதால் சுருக்கமாக: 2010 பதிப்பிலிருந்து ஆர்க்கைவ் பெட்டி உள்ளேயே இருக்கிறது, அதை இயக்கி, பழைய மெயிலைத் தானாக நகர்த்தும் விதியைப் போடுங்கள், இயல்பான விதி இரண்டு ஆண்டு. மெயில்கள் நகர்ந்த பிறகும் தரவுத்தளக் கோப்பின் அளவு குறையாததைக் கண்டு பதற வேண்டாம். உள்ளே வெற்றிடம் உண்டாகி, புது மெயில் அதில் நிரம்பும். டிஸ்க்கில் இடம் வேண்டுமென்றால் புதுத் தரவுத்தளம் உருவாக்கிப் பெட்டிகளை அதற்கு மாற்றி, பழையதை நீக்குவதே சுத்தமான வழி.

கடைசியாக, பேக்கப் ஸ்கிரிப்ட்டைத் திறந்து புது டிஸ்க்கின் பாதை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஸ்கிரிப்ட் பழைய பாதையை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கும். ஆர்க்கைவ் எந்தப் பேக்கப்பிலும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். பாதையைச் சேர்த்த மறுநாள், பேக்கப்பிலிருந்து ஒரு பையரின் ஃபோல்டரை வேறொரு கணக்கில் மீட்டெடுத்து, ஒரு டெக் பேக் இணைப்பைத் திறந்து பாருங்கள். அது திறந்தால், வெளி டிஸ்க்கில் முதலில் எடுத்த நகலுக்கு வேலை முடிந்துவிட்டது.